எடை போடும் நாள்

தராசில் தொங்கும் துணிப்பையில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்தால் முள் ஐந்து கிலோவில் போய் நின்றுவிடும். பத்து மாதப் பையன். மூன்று மாதமாக அதே ஐந்துதான். எழுமலைப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் நான் டீச்சராக இருந்த கடைசி வருடங்கள் அவை. எடை போடும் நாளில் மற்ற தாய்மார்கள் கூடிப் பேசிச் சிரிப்பார்கள். இவன் அம்மா மட்டும் கதவோரமாகப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தனியே இருப்பாள். புருஷன் திருப்பூரில். வீட்டிலும் பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எடை ஏறாவிட்டால் மேலிடத்தில் என்னைத்தான் கேட்பார்கள் என்ற எரிச்சல் வேறு. ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்: "சத்துமாவப் பிள்ளைக்குக் குடுக்குறியா, மாட்டுக்குக் கரைச்சு ஊத்துறியா?" அப்படிச் செய்கிறவர்கள் ஊரில் உண்டுதான். ஆனால் அவள் வீட்டில் மாடே கிடையாது. அது எனக்குத் தெரியும். எல்லாரும் சிரித்தார்கள். அவள் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். அன்றிலிருந்து ஊர் அவளைப் பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்றே பேசியது.

பிறகு மதுரையில் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்தார். அபூர்வமாக வரும் மரபணுக் கோளாறு, எவ்வளவு ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்து காகிதத்தை நீட்டினாள்.

"எம்மேல தப்பில்லன்னு இதுல எழுதியிருக்கா டீச்சர்? எல்லாரும் இருக்கைல ஒருக்கா வாசிங்க."

அடுத்த எடை நாளில் வாசித்தேன். வளர்ப்பில் குறை ஏதுமில்லை என்று, காகிதத்தில் இல்லாததையும் சேர்த்தே சொன்னேன். "தெரியாமப் பேசிட்டோம் தாயி" என்று ஒருத்தி அழுதாள். முதலில் பேசிய நானோ காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையைத் தூக்கினேன். அவள் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள். பையன் இரண்டு வயதைத் தொடவில்லை.

இப்போது மதுரை தல்லாகுளத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். எல்லாரும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க நான் மட்டும்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை போனை எடுத்து, வெட்கப்பட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் அவளே திருப்பூரிலிருந்து கூப்பிட்டாள். இன்னொரு மகன் பிறந்து ஒரு வயதாகிறதாம். நான் வாயெடுப்பதற்குள் அவசரமாகச் சொன்னாள்:

"ஒம்போதரை கிலோ இருக்கான் டீச்சர். எல்லாம் அவனுக்குத்தான் குடுக்குறேன்."