தீபத்துக்குப் பிறந்தவளும் கபடி டீமும்

விளையாட்டு ஆசிரியை வேலையில் வெயிலைச் சமாளிக்கலாம், ஹெட்மாஸ்டரைக்கூடச் சமாளிக்கலாம். பிறந்த மாதத்தை மட்டும் சமாளிக்க முடியாது. பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய யாருக்கும் இது தெரியும். ஒரு வருடத்தின் ஜனவரியில் பிறந்தவளும் அதே வருட டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வயதுப் பிரிவு. நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருடச் சோறு. திருவண்ணாமலையில் எங்களுக்குக் கூடுதல் தலைவலி: கார்த்திகை தீபத்தை ஒட்டிப் பிறந்தால் பெருமை. வருடக் கடைசியில் பிறந்த தீபாக்கள் வகுப்புக்கு வகுப்பு இருப்பார்கள்.

இடம் இல்லை

பதினான்கு வயதுக்குட்பட்டோர் கபடிக்கு ஆள் எடுத்தேன். நெடுநெடுவென்று நின்றவர்கள் எல்லாம் ஜனவரி, பிப்ரவரி. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்த தீபா அவர்கள் தோளுக்குக்கூட எட்டவில்லை. வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரே பிடியில் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். மறுநாள் டீக்கடையை அப்படியே போட்டுவிட்டு அவள் அம்மா வந்து நின்றார். மாதக் கணக்கை விளக்கினேன்.

"தீபத்தன்னிக்குப் பொறந்த பொண்ணுங்க மிஸ், ஊரே கும்பிடுற நாளு. நீங்க இன்னாடான்னா லேட்டா பொறந்துட்டான்னு சொல்றீங்க?"

அடுத்த வருடம்

தீபா வளர்ந்துதான் வந்தாள். ஆனால் பழைய கூட்டமும் அவளோடேயே அடுத்த பிரிவுக்கு ஏறியிருந்தது. மறுபடியும் இடமில்லை. இருந்தாலும் தினம் சாயங்காலம் பயிற்சிக்கு வருவாள். பெரிய பெண்கள் பிடித்துப் பழக ஓர் ஆள் வேண்டுமே. எனக்குத்தான் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஒருநாள் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"நான் வளர்ந்துட்டேன் மிஸ். அவங்கள யாரு வளரச் சொன்னது?"

கடைசி வாய்ப்பு

பிளஸ் டூ. பள்ளி டீமில் ஆட அவளுக்கு அதுதான் கடைசி வருடம். கேப்டன் நூர்ஜஹான் ஜனவரிப் பிறப்பு. அதற்குள் இருவரும் ஒரே உயரம் ஆகியிருந்தார்கள். தேர்வு நாளில் தீபா ரெய்டு போனாள். நூர்ஜஹான் கணுக்காலைப் பிடிக்க, இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். மூவரையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டுவிட்டாள். வருடக்கணக்காக இவர்களிடமே பிடிபட்டவள் அல்லவா, எந்தப் பிடி எப்போது தளரும் என்று தெரிந்திருந்தது. விசில் ஊதக்கூடத் தோன்றாமல் அழுதுவிட்டேன். நூர்ஜஹான்தான் மண்ணோடு எழுந்து சொன்னாள்:

"டீம்ல மொதல்ல இவ பேரை எழுதுங்க மிஸ். எதிர் டீம்ல இவ இருந்தா நான் ஆட்டத்துக்கே வரல."

டாக்டர் கொடுத்த தேதி

போன மாதம் வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் தீபாவைப் பார்த்தேன். வாயும் வயிறுமாக நின்றிருந்தாள். அந்த மைதானத்துச் சாயங்காலங்களெல்லாம் திரும்ப வேண்டும் போலிருந்தது எனக்கு. டாக்டர் டிசம்பர் கடைசி வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறாராம். "ரொம்ப சந்தோஷம்" என்றேன். முறைத்தாள்.

"இன்னா சந்தோஷம் மிஸ்? ஒரு வாரம் தாக்குப்பிடிச்சா ஜனவரி. உள்ள இருக்கறதுகிட்ட தெனமும் சொல்லிக்கினு இருக்கேன், அவசரப்படாதேன்னு."

இத்தனை வருடம் விசில் ஊதியதில் என் மாணவிகளுக்கு நான் உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது காலண்டர் பார்ப்பதைத்தான் போலிருக்கிறது.