அறுந்துபோன திமிங்கலக் கேசட்

தொண்ணூறுகளில் நான் திமிங்கல ஆராய்ச்சியில் இருந்தேன். கடலுக்கடியில் மைக்கை இறக்கிப் பதிவு செய்த சத்தத்தை வைத்து, அங்கே எத்தனை திமிங்கலங்கள் இருக்கும் என்று கணிப்பதுதான் வேலை. லீவுக்கு இராஜபாளையத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனபோது ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேண்டேஜ் கம்பெனி நடத்திய அத்தானுக்கு நான் படித்ததே பிடிக்காது. டேப்ரிக்கார்டரைப் பட்டென்று நிறுத்தினார்.

“ஏட்டி, ஒண்ணே பத்து தடவ கத்துனா பத்துன்னு எழுதிருவியோ?”

“ஒரு திமிங்கலம் ஒரு மணி நேரத்துல சராசரியா எம்புட்டுத் தடவ கத்தும்னு தெரியும். பதிவான மொத்தக் கத்தலையும் அதால வகுத்துருவோம்.”

“வாயே தொறக்காதது?”

“அதையும் சேத்துத்தான் சராசரி. சத்தம் வரலைன்னா ஆளே இல்லைன்னு ஆயிருமா?”

அடுப்படியில் நின்ற அக்காவைப் பார்த்து, “ஒந்தங்கச்சி பொழப்பப் பாரு” என்று சிரித்தபடி கேசட்டை வெடுக்கென்று பிடுங்கினார். உள்ளே சிக்கியிருந்த நாடா அறுந்து தொங்கியது.

“இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று கத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

சொன்னபடியே பிறகு அங்கே போகவில்லை. ஆண்டாள் கோவில் தேருக்கு வரும்போது அக்காதான் என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். அத்தானைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.