கம்ப்யூட்டர் முடித்து வைத்த வார்த்தை

தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசியே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி ஓடும். பிறகு காஞ்சிபுரத்திலேயே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து, பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வகுப்புகளில் கத்தினேன். நாற்பதைத் தாண்டியதும் குரல்வளையில் சின்னக் கட்டிகள் வந்துவிட்டன. சென்னையில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர், தான் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம்.

முதலில் என் மனைவிக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். கரும்பலகையில் அழகாக எழுதுவேனே தவிர, பேனா பிடித்தால் என் எழுத்து எனக்கே புரியாது. அவள் இரண்டு நாளில் அலுத்துப் போனாள்.

எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு சிடி கொண்டுவந்தார். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சீட்டு விளையாட மட்டும் பயன்பட்டுவந்தது. இன்டர்நெட் இணைப்பு கிடையாது. அதில் அவர் ஒரு ஆபீஸ் மென்பொருளை ஏற்றி, தமிழில் தட்டவும் வழி செய்தார். திருட்டு சிடியோ என்று நான் தயங்கியது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரிஜினல்தான் சார். செஞ்சவங்களே இலவசமா குடுத்துக்கினு இருக்காங்க. யார் வேணா காப்பி போட்டுக்கலாம், நெட்டும் தேவையில்ல" என்றார்.

அன்று முதல் பெரிய எழுத்தில் தட்டிப் பேசத் தொடங்கினேன். அந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. முன்பு தட்டிய நீளமான வார்த்தையை மறுபடி தொடங்கினால், மிச்சத்தைத் தானே காட்டும். என்டரைத் தட்டினால் முழு வார்த்தையும் விழுந்துவிடும். ஒற்றை விரலால் தட்டும் எனக்கு அது பெரிய உதவி. பேச்சையெல்லாம் ஒரே கோப்பில் வைத்திருந்ததால், என் வார்த்தைகள் அதற்குப் பழகிவிட்டன.

அந்தச் சமயத்தில் மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைக்கும்போல் இருந்தது. பி.எட். முடித்துப் பல வருடமாக வீட்டில் இருந்தவள். ஒரு மாலை, கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்று, தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும், சேரட்டுமா என்று கேட்டாள். நான் சந்தோஷமாகத் தட்டினேன். விசைகளைப் பார்த்துத் தட்டுபவன், திரையைப் பார்க்கவில்லை. கடைசி வார்த்தையில் பாதியிலேயே என்டரை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

திரையில் இருந்தது: "நீ கட்டாயம் சேர வேண்டாம்."

அவளைக் கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வராமல் இருந்தால் தேவலை. வந்தால் அறுவை சிகிச்சை வீணாகும். வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க வேணாம்னா என்ன, நான் நேத்தே வரேன்னு சொல்லிட்டேன்."

அவள் முன்னால் போய் நின்று, அப்படி இல்லை என்று நான் தலையை ஆட்டியதை அவள் வேலைக்கு மறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். கடைசி வார்த்தையை அழித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பாதியில் மறுபடியும் "வேண்டாம்" என்று திரை காட்டியது. அதைத் தாண்டி, "வேண்டும்" என்று முடித்தேன்.

அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதுக்குக் கூட தெரிஞ்சிருக்குது பாருங்க, நீங்க எப்பவும் என்ன சொல்வீங்கன்னு" என்றாள். அப்புறம் சிரித்தாள். நான் சிரிக்கவும் கூடாது என்பதால் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவள் வேலையில் சேர்ந்தாள். சில வாரங்களில் டாக்டர் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச அனுமதித்தார். குரல் திரும்பியது, கரகரப்பாக; வகுப்பில் கத்துவது அதோடு நின்றது. அவள் வீட்டுக்கு வந்ததும் கேள்வித்தாள் தட்ட உட்கார்ந்துவிடுவாள். கம்ப்யூட்டர் என் கைக்கு வருவதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.