கொஞ்சினாலும் ஒட்டாத பூச்சு

எனக்கு வாயைச் சுற்றியும் இடது கன்னத்திலும் வெண்புள்ளி படர்ந்திருக்கிறது. பள்ளிப் படிப்பை விட்ட பிறகு வந்தது. நோவில்லை, யாருக்கும் தொற்றாது. ஊர்ச் சனத்துக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கலியாணங்களில் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பொம்பிளை, மாப்பிள்ளையோடு தாய் தகப்பன்மாரும் வரிசையாக நிற்பார்கள். வந்த சனம் கை கொடுத்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுப் போகும். கொஞ்சுவது என்று சொல்வோம். நான் அந்த வரிசைக்குக் கிட்டவும் போவதில்லை. ஒருமுறை சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்குக் கிறீமும் பவுடரும் தடிப்பாகப் பூசிக்கொண்டு போனேன். என்னைக் கொஞ்சிய ஒருவரின் வெள்ளைச் சேட்டின் தோளில் என் கன்னம் அப்படியே பதிந்துவிட்டது. அவர் பொக்கற்றில் இருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்தார். அதற்குப் பிறகு எந்தக் கலியாணத்திலும் நான் சமையல் கொட்டிலில்தான். வெங்காயம் உரிப்பவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அக்காவின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தபோது இக்கட்டும் சேர்ந்து வந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அக்கா நோயில் போய்விட்டாள். அடுத்த வளவில் இருந்த நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டேன்.

"சின்னம்மா, வாசலில அம்மாட இடத்தில நீங்கள்தான் நிக்கோணும். குசினிக்கை போய் ஒளிச்சீங்களெண்டால், கலியாணச் சீலையோட வந்து இழுத்துக்கொண்டு போவன்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் உயிலங்குளத்து வயல்காரர். அவர்கள் பேச வந்த நாளில் தேத்தண்ணீரை ஊற்றி அக்காவின் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டு நான் குசினிக்குள்ளேயே இருந்துகொண்டேன். என்னைக் கொஞ்ச வருகிறவர்கள் முகத்துக்குக் கிட்ட வந்ததும் ஒரு கணம் நிற்பார்கள். பிறகுதான் குனிவார்கள். அந்த நிறுத்தத்தைப் பலரிடம் கண்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் தாயிடமும் அதைக் காண எனக்குத் தைரியமில்லை. பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பொம்பிளையை அலங்கரித்துச் சோடிக்க ஒழுங்கு செய்திருந்த பெண், தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே தொழில் பழகி, தாய் தகப்பனோடு திரும்பி வந்தவள். பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சுத்தான். பிள்ளை அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கலியாணத்துக்கு முந்தின கிழமை, நுளம்புக்கு மருந்து அடிக்கும் டின்னைப் போல ஒன்றோடு வந்தாள்.

"இது ஸ்பிரே பவுண்டேஷன் சின்னம்மா. காஞ்சிட்டா யார் மேலயும் ஒட்டாது. கண்ண மூடி மூச்சப் பிடிச்சுக்கோங்க."

விறாந்தையில் கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். பிள்ளையின் தகப்பன், என் அத்தான், பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று வீசும் காலம். அவள் முதல்முறை அமத்தியதும் என் முகத்தில் ஒன்றும் விழவில்லை. பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். அத்தானின் நரைத்த தாடியில் பாதி நிறம் மாறியிருந்தது.

"அப்பா, ஒரு பக்கம் மட்டும் மாப்பிள்ளை மாதிரிக் கிடக்கு!"

"வள்ளத்துக்குப் பெயின்ற் அடிக்கிறவனும் காத்துப் பாத்துத்தான் பிள்ளை அடிப்பான்" என்றார் அத்தான், தாடியைத் துடைத்தபடி.

"இந்த ஊர்ல காத்து இல்லாத இடம்னு ஒண்ணு இருக்கா அங்கிள்?"

சாமான் அறைக்குப் போனோம். யன்னலைச் சாத்தி, காற்றாடியை நிற்பாட்டி, வியர்வையை ஒற்றி ஒற்றி அடித்தாள். முகத்தில் குளிராக, தூவானம் போல விழுந்தது. முதலில் அடித்த நிறம் எனக்குச் சரிவரவில்லை. முகம் ஒன்றும் கழுத்து ஒன்றுமாக நின்றேன். அதைத் துடைத்துவிட்டு என் நிறத்துக்குக் கிட்ட வருகிற இன்னொன்றை எடுத்தாள். வாயைச் சுற்றி மட்டும் பஞ்சில் அடித்து ஒற்றினாள். கண்ணாடியைத் தந்தபோது புள்ளிகளைக் காணவில்லை.

பிள்ளை வந்து என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுத் தன் சொண்டைக் கண்ணாடியில் பார்த்தாள். "ஒண்டும் ஒட்டேல்லை." பிறகு, தேவையில்லாமல், இன்னொருமுறை கொஞ்சினாள்.

"ஒரு விஷயம் சின்னம்மா. ரொம்பச் சிரிச்சா வாயோரம் பூச்சு வெடிச்சிரும்" என்றாள் சோடிக்கிற பெண்.

கலியாணத்தன்று நான் வாசலில் நின்றேன். முதலில் கொஞ்சியது, வரிசையில் நிற்க வந்த மாப்பிள்ளையின் தாய். அவ நிற்கவில்லை, நேரே குனிந்தா. பிறகு வந்தவர்களும் அப்படித்தான். மறைத்துக்கொண்டுதானே நின்றாய் என்று யாரும் கேட்டால், ஓம் என்பேன். ஆனால் கடைசி ஆள் போகும்வரை நின்றேன். இரவு தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்கத்தான் பூச்சுப் போனது.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் கலியாணத்துக்குச் சமைத்த கிடாரத்தை மினுக்கிக்கொண்டிருந்தபோது வாசல் படலை திறந்தது. மாப்பிள்ளையின் தாய், கையில் பலகாரப் பெட்டியோடு.

"தங்கச்சி, பொம்பிளையின்ர சின்னம்மா நிக்கிறாவோ? ஒருக்காக் கூப்பிடுங்கோ."

அவவுக்கு என்னைத் தெரியவில்லை. பொறுங்கோ என்று சொல்லி உள்ளே போய் அலுமாரிக் கண்ணாடி முன்னால் நின்றேன். அந்த டின் இல்லை. சோடித்த பெண் கொண்டுபோய்விட்டாள். சின்னம்மா கடைக்குப் போய்விட்டா என்று சொல்லலாம். ஆனால் இவ இனி எத்தனையோ தரம் வரப்போகிறவ. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நான்தான்" என்றேன்.

அவ என்னை உற்றுப் பார்த்தா. "நேற்று வாசலில நிண்டது நீங்களோ? மாதாவே! அதென்ன பூசினனீங்கள்?"

சொன்னேன். முகத்தைப் பற்றி ஒரு பிறத்தியாரோடு நான் கதைத்தது அதுதான் முதல் தடவை. அடிக்கிற விதம், காய்கிற நேரம், சிரித்தால் வெடிக்கும் என்பது, எல்லாம் சொன்னேன்.

"அதுக்கோ சிரிக்காமல் நிண்டனீங்கள்!" கதிரையில் தொப்பென்று இருந்தா. "எங்களில ஏதோ கோவமாக்கும் எண்டு ராத்திரி முழுக்க என்ர மனுசனோட சண்டை. நீங்கள்தான் மரியாதையில ஏதும் குறை விட்டிருப்பியள் எண்டு அவரை ஏசிப்போட்டு, சமாதானம் பண்ண விடியவே பலகாரத்தோட ஓடி வந்தனான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவவும் சிரித்தா. பிறகு தன் கன்னத்தில் வயல் வெயில் ஏற்றிய கறுப்பைத் தடவிக் காட்டினா.

"பவுடர் போட்டால் சாம்பல் பூசின மாதிரி. என்ர சின்னவளின்ர கலியாணத்துக்கு நானும் அடிச்சுப் பாக்கலாமோ, சம்பந்தி?"

"அடியுங்கோ. ஆனால் சிரிக்கேலாதெண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலே சொல்லிப்போடுங்கோ" என்றேன்.

போகும்போது சோடிக்கிற பெண்ணின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஈரக் கையோடு நின்ற என்னை இழுத்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினா.