ஏரியில் திரும்பும் இடம்

என்னோடு சேர்ந்தவர்கள் எட்டாம் நாளே பறந்துவிட்டார்கள். நான் பதினைந்தாம் நாளும் மணலில் துணியை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். பாராமோட்டார் என்று அதற்குப் பெயர். தலைக்கு மேல் அகலமான துணி இறக்கை, முதுகில் விசிறி மாட்டிய மோட்டார். எங்கள் குப்பத்தில் எல்லோரும் பலூன் என்றுதான் சொன்னார்கள்.

பனிக்காலம் முடிகிற சமயம் பழவேற்காட்டுக் கடற்கரையில் இரண்டு பயிற்சியாளர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். ஒருவர் கரையிலேயே நின்று காற்றைப் பார்த்துச் சொல்பவர். மற்றவள் கூடவே பறந்து கற்றுத்தருபவள், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். எனக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை. ஷிப்ட் இல்லாத காலைகளில் மட்டும் போவேன். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்டார்கள். கடலையும் ஏரியையும் ஆண்கள் பங்கு பிரித்துக்கொண்டுவிட்டார்கள், மேலே இன்னும் யாரும் பிரிக்கவில்லை என்று தோன்றியது. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

"அவசரமே இல்லக்கா," என்பாள் அந்தப் பெண். "மொதல்ல துணி உங்க பேச்சைக் கேக்கட்டும். அப்புறம் கால் தானா மண்ணை விட்டுடும்."

பதினெட்டாம் நாள், அதே இறக்கையும் மோட்டாரும் பூட்டிய, இருவர் உட்காரும் வண்டியில் என்னை முன்னால் உட்காரவைத்து, அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். டச்சுக்காரர் கல்லறை மதில்வரை நேராக, பழைய கோட்டை இருந்த முள்ளுக்காட்டைத் தாண்டி ஏரிக்குள். வடக்கே ராக்கெட் விடும் தீவுப் பக்கம் போகவே கூடாது. அதனால் ஏரிமேல் ஓரிடத்தில் திரும்பியாக வேண்டும்.

"அதோ, தண்ணில ஒருத்தர் நிக்கறார் பாருங்க," என்றாள் காதுக்குள். "அவருக்கு நேர் மேல வந்ததும் இடது கயித்தை இழுங்க."

இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள். கையால் இறால் தடவுகிறவராக இருக்கும் என்று நினைத்து, கயிற்றை இழுத்துத் திரும்பினேன். அடுத்தடுத்த நாட்களிலும் அவர் அங்கேயே நின்றார். காலை ஏழு மணிக்குப் போனாலும் ஒன்பது மணிக்குப் போனாலும் அவர்மேல்தான் திரும்பினோம்.

அந்த ஞாயிறு அண்ணனோடு படகில் போனேன். முகத்துவாரத்துக்குப் போகிற கால்வாயின் நடுவில், வலது கைப்பக்கம் கல்லறை மதில் தெரிந்தபோது அடையாளம் பிடிபட்டது. மேலிருந்து நான் பார்த்த இடம் அதுதான்.

"இங்க யாருண்ணா தினமும் வந்து நிக்கறது?" என்றேன்.

"இங்கயா? இங்க எவன் நிப்பான்?" அண்ணன் கழியை நேராகத் தண்ணீரில் இறக்கினார். மொத்தக் கழியும் உள்ளே போனது. அவர் தோள்வரை கையை விட்டும் தரை தட்டவில்லை. "படகே போற ஆழம்மா இது. நின்னா ஆளு காலி."

மறுநாள் பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "தினமும் வேற வேற ஆளுன்னு நெனச்சேன்கா," என்றாள். கரையில் நிற்கும் பயிற்சியாளர், "பழைய கம்பம் எதாவது இருக்கும்," என்றார். அவர் அந்தப் பக்கம் பறந்ததே இல்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் எல்லோரையும் கல்லறை மதிலிலேயே திரும்பச் சொன்னாள்.

அண்ணன் வீட்டில் பேசியது குப்பம் முழுக்கப் பரவியது. மூன்று வீடு தள்ளி ஒரு அக்கா. ஏழு வருஷம் முன்னால் அவள் புருஷன் கடலுக்குப் போனவர் கிடைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஏம்மா, அந்த ஆளு இன்னா கட்டிக்கினு இருந்தாரு?"

"அவ்ளோ ஒசரத்துல தெரியலக்கா."

"கொஞ்சம் கீழ போய்ப் பாரேன். மூஞ்சி மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

தனியாகப் பறக்க அதுவரை நான் தயாராகவில்லை. பயிற்சிக்காரப் பெண் அவசரப்படுத்தவும் இல்லை. மேலும் பதினோரு நாள் ஆனது. ஒரு நாள் காலை மோட்டாரை முதுகில் மாட்டி, தோளில் தட்டிவிட்டு, "இன்னைக்கு நீங்க மட்டும்," என்றாள்.

மதிலில் நான் திரும்பவில்லை.

அவர் இருந்தார். தென்னை உயரத்துக்கு இறங்கினேன். சட்டையில்லாத முதுகு, கறுத்து ஈரமாக இருந்தது. முகம் பார்க்கலாம் என்று முன்பக்கமாகச் சுற்றி வந்தேன். அங்கேயும் முதுகுதான். இன்னொரு சுற்று போனேன், அப்போதும் முதுகுதான். காற்றில் ஏரி முழுக்கச் சிற்றலை ஓடியது. அவர் இடுப்பைச் சுற்றி மட்டும் தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. மோட்டார் சத்தத்துக்கு அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

"அக்கா, திரும்புங்க," என்றாள் கரையிலிருந்து, ஹெல்மெட் ரேடியோ வழியாக என் காதில். "தயவுசெஞ்சு திரும்புங்க."

இறங்கியபோது கால் ஓட மறந்து மணலில் விழுந்தேன். அவள் ஓடிவந்து கயிறுகளை அவிழ்த்தாள்.

மூன்று வீடு தள்ளியிருந்த அக்காவிடம் முகம் தெரியவில்லை, முதுகுதான் பார்த்தேன் என்றேன்.

"முதுகு போதும்மா. நான் தேச்ச முதுகு தான அது. இடது தோள்ல இஞ்சின் சுட்ட தழும்பு இருந்துச்சா?"

"இல்லக்கா."

உண்மையாகவே இல்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ அது அவரு இல்ல," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

மறுநாள் இன்னொருத்தி வந்தாள். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மகனைத் தொலைத்தவள்.

"வலது கையில கறுப்புக் கயித்துல தாயத்து கட்டியிருப்பான். நான் கட்டிவுட்டது. பாத்தியா?"

பார்த்திருந்தேன். வலது கையில், முழங்கைக்கு மேலே.

நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "அவனா இருந்தா சொல்லு. படகு எடுத்துனு போய் பேரச் சொல்லிக் கூப்டறேன். நான் கூப்ட்டா திரும்புவான்."

அந்த முதுகு திரும்புவதை நினைத்துப் பார்த்தேன். அவள் படகின் ஓரத்தில் குனிந்து நின்று கூப்பிடுவதையும்.

"இல்லம்மா," என்றேன். "கையில ஒண்ணுமே இல்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது எனக்கு நன்றாகவே பறக்க வருகிறது. ஒவ்வொரு பனிக்காலமும் கூடாரம் போடும்போது, மணலில் ஓடி ஓடிச் சலித்தவர்களோடு பேசிக்கொண்டிருக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் பறக்கிற காலைகளில் தாயத்தைப் பற்றிக் கேட்ட அந்த அம்மா கரைக்கு வந்துவிடுகிறாள். அண்ணாந்து என்னைப் பார்ப்பதில்லை. தண்ணீரில் ஓடும் என் நிழலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது எங்கே திரும்புகிறது என்று. நான் மதிலைத் தாண்டுவதே இல்லை.