சேதராப்பட்டு பஸ்ஸில் பார்த்த திரைகள்

புதுச்சேரியிலிருந்து சேதராப்பட்டுக்குப் போகும் காலை பஸ்ஸில் கோரிமேடு வரை உட்கார இடம் கிடைக்காது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எக்ஸ்ரே உறையும் சாப்பாட்டுத் தூக்குமாக நெருக்கியடித்து நிற்பார்கள். கோரிமேட்டில் அவர்கள் இறங்கியதும் பஸ் பாதி காலியாகிவிடும். நானும் என் தோழியும் அதற்காகவே காத்திருந்து ஜன்னலோரச் சீட்டைப் பிடிப்போம். உட்கார்ந்த மறு நொடி அவள் பையிலிருந்து பத்திரிகை வெளியே வந்துவிடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். என் அப்பா முதலியார்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளி. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் இந்த வேலைக்கு வந்தவள் நான். அவள் சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அண்ணன் பாரிஸில் இருந்தான். லீவுக்கு ஊர் வருகிறவர்கள் கையில் தங்கைக்குப் பழைய பிரெஞ்சு கம்ப்யூட்டர் பத்திரிகைகளைக் கொடுத்தனுப்புவான்.

ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டரை ஏசி அறையில் வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஓரத்தில் சிமிட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னக் கோடு. நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நாமே நினைவில் வைத்துத் தட்ட வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் ஏற்காது. சில சமயம் ஏற்றுக்கொண்டுவிடும், அது இன்னும் மோசம். அப்படி ஒரு முறை அவள் ஏதோ ஒன்றை அழிக்கப் போய் ஸ்டாக் கணக்கு முழுவதும் போய்விட்டது. திரும்ப எல்லாவற்றையும் தட்டி ஏற்றி முடிக்கும்வரை இருவரும் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசக்கூட இல்லை.

பத்திரிகையில் வந்த படங்கள் வேறு உலகமாக இருந்தன. அதில் திரை வெள்ளையாக இருந்தது. அதன்மேல் சின்னச் சின்னப் படங்கள். அவள் விரலை வைத்துப் படித்துச் சொல்வாள்.

"ஃபெனெத்ர்னா ஜன்னல். சூரின்னா எலி. இந்த எலிய கையில புடிச்சிக்கினு நகத்துனா, திரைல அம்பு நகருமாம். இது முழுக்க ப்யூரோ."

"பீரோவா? எங்க வீட்ல பொடவ வெச்சிருக்கமே, அதுவா?"

"மேஜடி! எழுதற மேஜ. திரையே ஒரு மேஜயாம். அதுமேல பேப்பர பரப்பிப் போட்டுக்கலாமாம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். பின்னாளில் உலகம் முழுவதும் ஆங்கிலத்தில் சொன்ன அந்தச் சொற்களையெல்லாம் நான் பிரெஞ்சில்தான் முதலில் கேட்டேன்.

ஓர் இதழில் மூன்று திரைகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். எது வெல்லப் போகிறது என்று நீண்ட கட்டுரை. முதலாவதில் ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. கீழே மூலையில் ஒரு குப்பைக்கூடை இருந்தது. இரண்டாவதில் நிறம் உண்டு. ஆனால் ஜன்னல்கள் தரையில் ஓடு பதித்ததுபோல் அடுத்தடுத்து நின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. மூன்றாவது இன்னும் வெளிவரவே இல்லை. படம்கூடக் கையால் வரைந்ததுதான். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும் என்று எழுதியிருந்தார்கள்.

அவள் முதலாவதின் கட்சி. "கூடைல போட்டதத் திரும்பி எடுத்துக்கலாம்டி. அது போதும் எனக்கு" என்பாள். காரணம் எனக்குத் தெரியும், அதனால் மறுத்துப் பேச மனம் வராது. இருந்தாலும் பேசுவேன். நான் மூன்றாவதின் கட்சி. சம்பளப் பட்டியல் அச்சாகும்போது கம்ப்யூட்டரைத் தொட முடியாது. பிரிண்டர் கரகரவென்று ஓடி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது ஒரு பக்கம் ஓடட்டும், நான் இன்னொரு பக்கம் என் வேலையைப் பார்க்கிறேன் என்கிற ஒரு நிலைமைக்காக ஏங்கினேன்.

"வராததுக்குப் போயி சண்ட போடறியே," என்பாள்.

"உன்னுது மட்டும் நம்ம ஆபீசுக்கு வந்துடுச்சா?"

இரண்டாவதை நாங்கள் இருவருமே மதிக்கவில்லை.

கம்பெனி இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறது என்று தெரிந்தபோது எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதராசிலிருந்து விற்பனைக்காரர் வந்த அன்று பத்திரிகையோடு மேனேஜர் அறைக்குள் போனோம். மேனேஜர் நல்ல மனிதர். பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, படம் பாத்து வேல செய்ய இது என்னா ஒண்ணாங்கிளாசா?"

"சார், தப்பு பண்ணா திருத்திக்கலாம் சார்," என்றாள் அவள்.

விற்பனைக்காரர் பத்திரிகையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகத்திலும் ஆசை தெரிந்தது. "இதெல்லாம் இந்தியாவுக்கு வர நாளாகும் மேடம். நானே இன்னும் நேர்ல பாக்கல," என்றார்.

பழையதைப் போலவே இன்னொரு கறுப்புத் திரைதான் வந்தது. ஆளுக்கு ஒன்று என்று ஆயிற்று. இரண்டு மேஜைகளையும் சுவரைப் பார்த்துப் போட்டதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஒரே கம்ப்யூட்டரின் முன் தோள் உரச உட்கார்ந்து தட்டிய நாட்கள் முடிந்துவிட்டன. பஸ் மட்டும் மிச்சம் இருந்தது.

அடுத்த வருஷம் அதுவும் போயிற்று. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை புதுச்சேரிக்காரர்தான், பாரிஸுக்கு வெளியே ஓர் ஊரில் வேலை. அவளுக்கு அழுகையெல்லாம் இல்லை.

"அங்க எல்லா ஆபீஸ்லயும் இருக்குமாம்டி. போய் ஒரு மாசத்துலயே வேலைல சேந்துடுவேன் பாரு. எது நல்லாருக்குன்னு நான் சொல்றேன்."

"நேர்மையா சொல்லணும். உன் கட்சின்னு பாக்கக்கூடாது."

"சத்தியமா."

அவள் போனபின் கோரிமேட்டில் பஸ் காலியாகும்போது நான் உட்காரவே மறந்து நின்றிருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு மதியம் ஆபீஸ் போன் அடித்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்துவிட்டு நாகரிகமாக வெளியே போனார். கரகரப்புக்கு நடுவில் அவள் குரல்.

"பாத்துட்டேன்டி! ஒரு கடைல. கண்ணாடிக்குள்ள வெச்சிருந்தாங்க."

"தொட்டியா?"

"இல்ல. அவுரு வெளிய நின்னுக்கினு இருந்தாரு, நேரமாச்சுன்னாரு. அம்பு கறுப்பாத்தான் இருக்கு."

வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்வதாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். நான் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

எனக்கு அது கிடைத்தது எண்பதுகளின் கடைசியில். லாஸ்பேட்டையில் புதிதாகத் திறந்த ஒரு பயிற்சி மையத்தில் எலி வைத்த கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதற்காகவே கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கே சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். முதல் நாள் அம்பு என் பேச்சைக் கேட்காமல் திரையின் மூலைக்கு ஓடியது. மேஜை விளிம்பு வரை கையை இழுத்துக்கொண்டு போனேன். "பாருடி" என்று பக்கவாட்டில் திரும்பினேன். அங்கே மாணவர்கள்தான் நின்றிருந்தார்கள்.

மறு வருஷம் ஜூலை மாதம், பிரான்சிலிருந்து எல்லோரும் லீவுக்கு வருகிற சமயம், அவளும் வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கம்ப்யூட்டரைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து மையத்துக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து, அதன்முன் உட்கார வைத்தேன்.

"எலி மேல எப்பிடிடி கை வெக்கறது?" என்றாள்.

"வெச்சிப் பாரு."

வைத்தாள். எனக்கு வாரக்கணக்கில் பிடிபடாமல் போனது அவள் கைக்கு உடனே வந்துவிட்டது. ஒரு ஜன்னலைத் திறந்தாள், இழுத்து ஓரத்தில் வைத்தாள், இன்னொன்றைத் திறந்தாள். படம் வரைகிற ஜன்னலில் ஒரு கோடு போட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில் அழ ஆரம்பித்தது. அவள் திரும்பவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம்டி," என்றாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டேன். எதிரே தெரிந்த சின்ன விமானத் தளத்தின் பக்கம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் காட்டிக் குழந்தையைச் சிரிக்க வைத்தேன். அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. எது நல்லது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிரான்ஸ் திரும்பியதும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்றும், பிறகு அங்கே ஒரு மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது என்றும் அவள் அம்மா பெரிய மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார். நான் மீன் கூடைகளுக்கு நடுவில் நின்று சத்தமாகச் சிரித்தேனாம். அவர்தான் பிறகு சொன்னார்.

இப்போதும் புதிதாக ஏதாவது வரப்போகிறது என்றால் அதன் படங்களைத் தேடிப் பார்க்கிறேன். இதுவா அதுவா என்று மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சொல்கிறேன். நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். சண்டைக்கு வருகிறவர்கள் யாருமில்லை.