பலகையை அழித்த கை

தேயிலை விலை சரிந்து, கோத்தகிரியில் சிறு ஃபேக்டரிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. அப்படியொரு ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அறுபத்திரண்டு வயது டீமேக்கர் லிங்கசாமி, அரைத்த இலையைப் புளிக்கப் போட்ட நேரத்தைச் சாக்பீஸால் பலகையில் எழுதிவைப்பார். ஒரே வாரத்தில் இரண்டு முறை இலை அளவுக்கு மீறிப் புளித்துப்போனது. தன்னை வெளியேற்றவே யாரோ நேரத்தை மாற்றி எழுதுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, பலகையைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டார்.

அப்படியும் மறுநாள் மத்தியானம் இலை கெட்டது. இலை பரப்பும் அன்னக்கிளியைக் கூப்பிட்டார்.

“பலகைய யாரு அழிச்சது?”

“நீங்கதான் ஐயா. உக்காந்தபடியே தூங்கினீங்க. கொறட்ட நின்னுச்சு, மூச்சும் நின்னுச்சு. திணறி எழும்பி, இப்பத்தான் இலை போட்டதுன்னு வேற நேரம் எழுதினீங்க. எங்க அப்பாவுக்கும் இதே சீக்குதான். தூக்கத்துல மூச்சு நிக்கிறதாலதான் மறதின்னு டாக்டர் சொன்னாரு.”

“இப்படிச் சொல்லச் சொல்லி யாரு அனுப்புனது?”

அவள் அவருடைய சட்டைக் கையைக் காட்டினாள். பலகையைத் துடைத்த வெள்ளைத் தூள் முழங்கைவரை அப்பியிருந்தது.

“மொதலாளிகிட்டச் சொல்லிட்டியா?”

“சொல்லியிருந்தா இந்நேரம் இந்த நாற்காலியில வேற ஆளு கொறட்ட விட்டுக்கிட்டிருப்பாரு.”

லிங்கசாமி தூளைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாக்பீஸை அவளிடம் நீட்டினார்.

“நாளைக்கு லீவு போட்டு டாக்டரைப் பாக்கறேன். அதுவரைக்கும் நேரத்த நீயே எழுது.”